பழகப் பழக மங்கும் எச்சரிக்கை

“அவனுக்கு இதெல்லாம் புதுசா? பதிமூணு வயசிலிருந்து ஊசி போட்டுக்கிறான். சுகர் இறங்கினா அவனுக்கே தெரியாதா?” என்று என் கணவரின் பெரியம்மா ஒரு நிச்சயதார்த்த வீட்டில் என்னைக் கேட்டார். முதல் பந்தியில் என் கணவருக்கு ஓர் இடம் வேண்டும் என்று பரிமாறுகிறவர்களிடம் நான் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி அது. கோபமோ குத்தலோ அதில் இல்லை. நாற்பது வயதைக் கடந்த ஒரு மனிதரைப் பள்ளிப் பிள்ளைபோல் நடத்துகிறாளே என்ற சிறு சலிப்பு மட்டும்தான் இருந்தது. பந்தி நடக்கிற நேரத்தில் வீட்டுப் பெரியவரிடம் உடலியல் பேச முடியாது என்பதால் சிரித்துவைத்தேன். ஆனால் இந்த எண்ணம் அவருக்கு மட்டும் உரியதன்று. பள்ளியில் என் கணவருடன் வேலை பார்க்கும் ஆசிரியர்கள், எங்கள் அக்கம்பக்கத்தார், ஏன், அவரே பல ஆண்டுகள் இதை நம்பியிருந்தார். மற்ற எந்த விஷயத்திலும் வருடங்கள் கூடக்கூட அனுபவம் கூடும் என்பது நமக்குத் தெரிந்த உண்மை. என் கணவருக்கு இருக்கும் முதல் வகை நீரிழிவில் (டைப் 1, கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் வகை), ரத்தத்தில் சர்க்கரை தாழ்வதை உணரும் திறன் மட்டும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. வருடங்கள் கூடக்கூட அது குறைந்துகொண்டே போகக்கூடும். பெரியம்மாவிடம் சொல்லாமல் விட்ட பதில் இதுதான். சற்று நீளமான பதில்.

சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டால் எல்லோரும் ஒரு பட்டியலைச் சொல்லிவிடுவார்கள்: கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், அகோரமாகப் பசிக்கும், கண் இருட்டும், மயக்கம் வரும். பட்டியலில் தவறில்லை. ஆனால் ஒரே வரிசையில் நிற்கும் இந்த அறிகுறிகள் ஒரே இடத்திலிருந்து வருபவை அல்ல என்பதை யாரும் சொல்வதில்லை. நடுக்கம், படபடப்பு, வியர்வை, பசி, உதட்டோரம் மதமதப்பு ஆகியவை நம் கட்டளை இல்லாமலே இயங்கும் தன்னியக்க நரம்பு மண்டலமும், ஆபத்து நேரத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோனும் எழுப்பும் கூச்சல். சர்க்கரை குறைகிறது, ஏதாவது சாப்பிடு என்று உடல் கொடுக்கும் தாக்கீது அது. பேச்சுக் குழறல், தடுமாற்றம், கவனச் சிதறல், காரணமற்ற எரிச்சல், பார்வை மங்கல், இறுதியில் வலிப்பும் நினைவிழப்பும் ஆகியவை இரண்டாவது கூட்டம். இவை எச்சரிக்கை அல்ல. மூளைக்குக் குளுக்கோஸ் போதவில்லை என்பதன் விளைவு. முதல் கூட்டம் வந்தால் மனிதர் தாமாகவே எழுந்து சர்க்கரை டப்பாவைத் தேடுவார். முதல் கூட்டம் வராமல் இரண்டாவது மட்டும் வந்தால், தேட வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டிய உறுப்பே அப்போது பட்டினியில் கிடக்கும். ‘அவனுக்கே தெரியும்’ என்ற வாக்கியத்தின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டிய மூளையும் பாதிக்கப்பட்ட மூளையும் ஒன்றே.

அந்த முதல் கூட்டத்தையுமே நம்மூரில் அடையாளம் காண்பது எளிதல்ல. மேலைநாட்டுக் கையேடுகளில் வியர்வைக்கு முதலிடம் தருவார்கள். மதுரையில் கத்திரி வெயில் நாளில் மின்சாரமும் நின்றுபோயிருக்கும்போது வியர்வையை வைத்து என்ன சொல்வது? நாங்கள் பார்ப்பது வியர்வை எங்கே, எப்படி வருகிறது என்பதைத்தான். வெயிலுக்கு வியர்த்தால் உடம்பு தொட்டால் சூடாக இருக்கும், முதுகும் அக்குளும் முதலில் நனையும், விசிறிக்கடியில் வந்து உட்கார்ந்தால் அடங்கும். சர்க்கரை இறங்கும்போது பிடரியிலும் நெற்றியிலும் குப்பென்று அரும்பும். தொட்டால் தோல் சில்லென்று இருக்கும். விசிறி ஓட ஓட அதிகமாகும். இதுவும் எங்கள் வீட்டு அனுபவம்தான், எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். அறிகுறிகள் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குப் பசி, ஒருவருக்கு உதட்டு மதமதப்பு, ஒருவருக்கு அழுகை. சிறு குழந்தைகளுக்கோ பிடிவாதமும் முரண்டும்தான் பெரும்பாலும் முதலில் தெரியும். பிள்ளை அடம்பிடிக்கிறது என்று அதட்டுகிற நேரத்தில் சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுக்க வேண்டியிருக்கும். முதியவர்களிடம் நடைத் தள்ளாட்டமும் குழப்பமும் முன்னே நிற்கும். வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ ப்ராப்ரனோலால், அட்டெனோலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் மங்கிவிடலாம். வியர்வை வேறு நரம்பு வழியில் வருவதால் அது மட்டும் மறைவதில்லை. இதை மாத்திரை எழுதிக் கொடுக்கும்போதே சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மூன்று தாழ்ப்பாள்கள்

நோய் இல்லாத ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். காரணம், அந்தக் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள்கள் உண்டு. ஒரு டெசிலிட்டருக்கு 80 மில்லிகிராம் அளவை ஒட்டி இறங்கும்போதே கணையம் இன்சுலின் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. 65, 70 என்று வரும்போது குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோன் கிளம்பி, கல்லீரலில் சேமித்துவைத்த சர்க்கரையை வெளியே விடச் செய்கிறது. ஏறத்தாழ அதே கட்டத்தில் அட்ரினலினும் சேர்ந்துகொள்கிறது. இன்னும் சற்று இறங்கினால் அதன் கூச்சல் நமக்கு நடுக்கமாகவும் படபடப்பாகவும் தெரிகிறது. சிந்தனை தெளிவாகத் தடுமாறத் தொடங்குவது அதற்கும் கீழே, 50-ஐ ஒட்டி. எச்சரிக்கை முன்னால், தடுமாற்றம் பின்னால் என்பதே இயற்கை வைத்த வரிசை.

இன்சுலின் ஊசியை நம்பி வாழ்கிறவருக்கு முதல் தாழ்ப்பாள் கிடையாது. தோலுக்கடியில் போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. சர்க்கரை 60-க்கு வந்தாலும் 50-க்கு வந்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். முதல் வகை நோயில், சில ஆண்டுகளுக்குள் இரண்டாவதும் பழுதாகிவிடுகிறது. குளுக்ககான் சுரக்கும் செல்கள் கணையத்தில் இருந்தும், சர்க்கரைத் தாழ்வுக்கு அவை பதில் சொல்லாமல் போகின்றன. எஞ்சி நிற்பது அட்ரினலின் ஒன்றுதான். என் கணவருக்குத் தற்காப்பு என்று இருந்தது அந்த ஒன்று மட்டுமே. நோய் வந்து இத்தனை காலம் ஆனதால் அவர் கூடுதல் பாதுகாப்புடன் இருக்கிறார் என்று உறவினர் நினைத்துக்கொண்டிருந்த வருடங்களில், உண்மையில் அவர் நின்றுகொண்டிருந்தது இந்த இடத்தில்.

அந்த ஒன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு. 1991-இல் சைமன் ஹெல்லர், பிலிப் க்ரையர் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நீரிழிவே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு பிற்பகல் வேளையில், மேற்பார்வையோடு, ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தினார்கள். மறுநாள் காலையில் மறுபடியும் தாழ்த்திப் பார்த்தபோது அட்ரினலின் முதலிய ஹார்மோன்களின் எழுச்சியும் அறிகுறிகளும் குறைந்திருந்தன. ஒரே ஒரு தாழ்நிலை, அடுத்த தாழ்நிலையின் எச்சரிக்கையை மங்கச் செய்கிறது. க்ரையர் தொடர்ந்து இதையே ஆராய்ந்து, முதல் வகை நோயாளிகளிடம் இது ஒரு சுழலாகிவிடுவதைக் காட்டினார்: தாழ்நிலை எச்சரிக்கையைத் தின்கிறது, எச்சரிக்கை இல்லாததால் மீண்டும் தாழ்நிலை வருகிறது. அறிகுறி தோன்ற வேண்டிய எல்லை 65-லிருந்து 55-க்கும், 55-லிருந்து 45-க்கும் இறங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது தடுமாற்றம் தொடங்கும் எல்லைக்கும் கீழே போய்விடும். அதற்குப் பிறகு வரிசை தலைகீழ். முதலில் புத்தி தடுமாறும், உடம்பு நடுங்குவது பிறகு, அல்லது நடுங்குவதே இல்லை.

இதில் எனக்கு ஒரு வியப்பும் உண்டு. 1922-இல் டொரன்டோவில் இன்சுலின் மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்ட தொடக்க நாள்களிலேயே அதன் அளவை நிர்ணயிக்க முயல்களைத்தான் பயன்படுத்தினார்கள். பட்டினி போட்ட முயலின் ரத்தச் சர்க்கரையை வலிப்பு வரும் நிலையான 45 வரைக்கும் எவ்வளவு மருந்து இறக்குகிறதோ, அதுவே அன்றைய ஒரு யூனிட். வலிப்பில் துடித்த முயலுக்குக் குளுக்கோஸ் செலுத்தினால் அது எழுந்து நடமாடியது. ஆக, தாழ்நிலை என்பது பின்னால் கண்டுபிடிக்கப்பட்ட பக்கவிளைவே அல்ல; மருந்தை அளந்த அளவுகோலே அதுதான். அவ்வளவு பழைய செய்தி நம் வீடுகளுக்கு வந்துசேராமல், உச்சத்தைப் பற்றிய பயம் மட்டும் வந்துசேர்ந்திருக்கிறது. சர்க்கரை 300 என்றால் ஊரே பதறுகிறது. 58 என்றால், “பரவாயில்லையே, நல்ல கன்ட்ரோல்ல இருக்கே” என்கிறார்கள்.

திருத்திய விடைத்தாள்கள்

என் கணவர் கணித ஆசிரியர். எதையும் ஒப்புக்கொள்ளாதவர் என்று அவரைப் பற்றிச் சொன்னால் அவர் அதையும் ஒப்புக்கொள்ளமாட்டார். ஓர் அரையாண்டுத் தேர்வு சமயத்தில், பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தார். மாலை ஆறரை மணி இருக்கும். மதியம் தேர்வறைக் கண்காணிப்பு என்பதால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறார். ஊசி மட்டும் முழுச் சாப்பாட்டுக்கான அளவு. அது போதாதென்று பேருந்து வராமல் விடைத்தாள் கட்டோடு வீடுவரை நடந்தே வந்திருக்கிறார். இவையெல்லாம் பிறகு தெரிந்தவை.

மாடியில் குடியிருப்பவர்கள் தண்ணீர் மோட்டாருக்கான மின்கட்டணத்தில் பங்கு தர மறுக்கிறார்கள் என்று சொன்னேன். “சரி” என்றார். அந்தக் கட்டண விவகாரம் எங்கள் வீட்டில் ஒரு தொடர்கதை. அவர் ‘சரி’ சொல்லுகிற விஷயமே அல்ல. பொங்கலுக்கு என் அம்மா வந்து பத்து நாள் தங்குவார் என்றேன். அதற்கும் “சரி”. குரலில் சலிப்பும் இல்லை, பிரியமும் இல்லை, சமமாக இருந்தது. அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்த மகள், இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், “அப்பா, நான் கணக்குக்கு வெளியில டியூஷன் சேர்ந்துக்கட்டுமா?” என்று வேண்டுமென்றே கேட்டாள். “சரிம்மா” என்றார். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

நான் போய் விடைத்தாளை எட்டிப் பார்த்தேன். ஒரு மாணவன் ஏ கூட்டல் பி முழுவதின் வர்க்கத்தை விரித்து எழுதும்போது நடுவில் வர வேண்டிய ‘இரண்டு ஏபி’யை விட்டுவிட்டிருந்தான். பத்தாம் வகுப்பில் இந்தத் தவறைச் செய்கிறவனை இவர் அன்று முழுவதும் பேசித் தீர்ப்பார். அந்த வரிக்கு நேரே சிவப்பு மையில் சரி என்ற குறி இருந்தது. முந்தைய பக்கத்திலும் எல்லாமே சரி. குறியின் வால் பக்கத்துக்குப் பக்கம் நீண்டுகொண்டே போய், கடைசிப் பக்கத்தில் விளிம்பைத் தாண்டி அவருடைய வேட்டியில் இழுத்திருந்தது. நெற்றியைத் தொட்டேன், உலர்ந்திருந்தது. கையைப் பிடித்தேன், நடுக்கம் இல்லை. பாடப்புத்தகத்தில் உள்ள முதல் கூட்ட அறிகுறிகளில் ஒன்றுகூட இல்லை. பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்கள் என்றாள் மகள், தடையில்லாமல் சொன்னார். சின்ன வயதில் மனப்பாடமாகிப் போனவை கடைசிவரை நிற்கும், புதிதாக ஒன்றைச் சீர்தூக்கிப் பார்ப்பதுதான் முதலில் போகும். ஆகவே வாய்ப்பாடு சொல்கிறார், பெயர் சொல்கிறார், ஊர் சொல்கிறார் என்பதை வைத்து ஒருவர் தெளிவாக இருக்கிறார் என்று முடிவுகட்டக் கூடாது.

விரலில் குத்திப் பார்த்தபோது மீட்டரில் 46 காட்டியது. “மீட்டர் தப்பு” என்றார். அதுதான் அன்று அவர் மறுத்த ஒரே விஷயம். நான் வாதாடவில்லை. அரை டம்ளர் தண்ணீரில் மூன்று கரண்டி குளுக்கோஸ் பவுடரைக் கரைத்து மகள் அவர் வாயருகே பிடித்தாள். ‘சரி’ என்றாரே தவிரக் குடிக்கவில்லை. வாய் ஒப்புக்கொள்வதற்கும் கை எழுவதற்கும் தொடர்பு அறுந்திருந்தது. டம்ளரை உதட்டில் வைத்து, “விழுங்குங்க” என்று ஒற்றைச் சொல்லாகச் சொன்ன பிறகு விழுங்கினார். கால் மணி நேரம் கழித்து 71. அதன் பிறகு இரண்டு இட்லி. முகத்தில் மெல்ல உயிர் வந்தது. மடியில் கிடந்த விடைத்தாளைப் பார்த்தார், தன் கையெழுத்தில் இருந்த சரிக் குறிகளைப் பார்த்தார், “இதை யார் திருத்தினது?” என்றார். கட்டு முழுவதையும் மறுபடி முதலிலிருந்து திருத்தினார்.

இதற்குப் பின் நாங்கள் மருத்துவரிடம் கொண்டுபோனது அவருடைய மூன்று மாத சராசரி அறிக்கையையும், அவர் சர்க்கரை அளவு எழுதிவைக்கும் பழைய பள்ளி நோட்டையும். ஹெச்பிஏ1சி 6.2 என்று இருந்தது. எங்கள் குடும்பத்தில் அதைப் பரீட்சை மதிப்பெண்போல் எல்லோரும் கொண்டாடியிருந்தோம். மருத்துவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு நோட்டைத்தான் புரட்டினார். 52, 61, 49, 57 என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தவற்றைப் பென்சிலால் வட்டமிட்டார். 6.2 என்பது சராசரி. மேடும் பள்ளமும் சேர்ந்து அந்த எண்ணைத் தந்திருக்கின்றன, பள்ளங்கள் அதிகமாக இருப்பதால் எண் அழகாக இருக்கிறது என்றார். கடுமையான கட்டுப்பாடு கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்கும் என்பதை 1993-இல் நிறுவியது அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைக் கொண்டு நடந்த டிசிசிடி ஆய்வு. அதே ஆய்வு, அப்படிக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்கான தாழ்நிலைகள் ஏறத்தாழ மூன்று மடங்கு வந்ததையும் சேர்த்தே சொன்னது. முதல் பாதிதான் விளம்பரமானது.

மருத்துவர் சொன்ன வைத்தியம் என் கணவருக்குப் பிடிக்கவில்லை. இன்சுலினை நிறுத்தச் சொல்லவில்லை. முதல் வகை நோயாளிக்கு அது உயிராபத்து. அளவுகளை மாற்றியமைத்து, சில வாரங்களுக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே ஒருபோதும் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார், கொஞ்சம் மேலே நின்றாலும் பரவாயில்லை என்றார். தாழ்நிலைகளை அறவே தவிர்த்தால் மங்கிப்போன எச்சரிக்கை இரண்டு மூன்று வாரங்களிலேயே மீளத் தொடங்கும் என்பது தொண்ணூறுகளின் ஆய்வுகளிலிருந்தே தெரிந்த விஷயம். ஆனால் நோட்டில் 160, 170 என்று எழுதும்போதெல்லாம் அவருக்குத் தோற்றுப்போன முகம். மதிப்பெண்ணுக்காக வாழ்ந்த மனிதர் மதிப்பெண்ணைத் தாமே குறைத்துக்கொள்வது எளிதாக இல்லை. இந்த நோயை ஒரு தேர்வாக ஆக்கிவைத்தது யார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நல்லபிள்ளை, கெட்டபிள்ளை என்ற கணக்கிலேயே நாம் சர்க்கரையைப் பேசுகிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தார். இரண்டு கையையும் என் முன்னால் நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. “பாரு, நடுங்குது” என்றார், ஏதோ பரிசு வாங்கி வந்தவர்போல. குத்திப் பார்த்தால் 66. நெஞ்சும் அடித்துக்கொள்கிறது என்றார். பல வருடங்களாக அவர் மறந்தே போயிருந்த ஓர் உணர்வு அது. சர்க்கரைத் தண்ணீரை அவரே கலக்கிக் குடித்தார், அவரே கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார். கணவரின் கை நடுங்கியதற்காக மகிழ்ந்த பெண்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. அன்று என் வீட்டில் நாங்கள் இருவர் இருந்தோம். எச்சரிக்கை முழுவதுமாகத் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். வியர்வை இன்றுவரை சரியாக வருவதில்லை. ஆனால் 60-களில் நடுக்கம் வருகிறது, வந்தால் அவருக்குத் தெரிகிறது.

பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டியது

“நல்லா இருக்கீங்களா?” என்று கேட்பதை நாங்கள் விட்டுவிட்டோம். தாழ்நிலையில் இருப்பவர் அதற்குத் தரும் பதிலில் எந்தத் தகவலும் இல்லை. “ஒண்ணுமில்ல” என்பார், அல்லது எரிந்து விழுவார். கேள்விக்குப் பதிலாக மீட்டர். மீட்டர் கைக்கெட்டாத இடத்தில் முதலில் குளுக்கோஸ், பிறகு பேச்சு. சர்க்கரை ஏற்கெனவே உயர்வாக இருந்தால் என்ன செய்வது என்று தயங்குகிறார்கள். உயர்வாக இருக்கும்போது மூன்று கரண்டி கூடினால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. 40-இல் இருக்கும்போது தாமதித்தால் ஆகும். ஒரு தடவைக்கு 15 கிராம் குளுக்கோஸ், கால் மணி நேரம் பொறுத்து மறுபரிசோதனை, ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம் என்பது எங்கும் சொல்லப்படும் முறை. கைக்குக் கிடைத்த பால்கோவாவையோ சாக்லேட்டையோ கொடுப்பது பலன் தராது என்றில்லை, ஆனால் அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவே இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது; மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-ஐ அழைப்பதே வழி. வீட்டிலேயே போடக்கூடிய குளுக்ககான் ஊசி என்று ஒன்று உண்டு. நம் ஊர்ப் பக்கம் மருந்துக் கடையில் கேட்டால் கடைக்காரர் விழிக்கிறார்.

என் அப்பாவின் விஷயம் வேறு மாதிரி. அவருக்கு இரண்டாம் வகை. வயதான பிறகு இன்சுலினுக்கு வந்தவர், காலையும் இரவும் கலப்பு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். அவருக்குச் சர்க்கரை இறங்கினால் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார், நாக்கு குழறும். ஒருமுறை சித்தப்பா வீட்டில் இது நடந்தபோது பக்கவாதம் என்று அழுது ஊரைக் கூட்டிவிட்டார்கள். தாழ்நிலை அப்படியே பக்கவாதத்தைப்போல் வேஷம் போடும் என்பதால்தான் அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் வேலையாக விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். அப்பாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சாப்பாட்டோடு வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த வகை மாத்திரை, சாதாரணச் சர்க்கரையைக் குடல் உடைத்து உறிஞ்சுவதைத் தாமதப்படுத்துவதற்காகவே கொடுக்கப்படுவது. அவருக்குத் தாழ்நிலையில் சீனித் தண்ணீர் கொடுத்தால் வேகமாக ஏறாது. குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் சீனி இருக்கிறதே என்று இருந்துவிடாமல் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றைத் தனியாக வாங்கி வைத்திருக்க வேண்டியது இதனால்தான். கூடவே, அவர் போடுவது மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி மருந்து; அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தை அதே சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடம்புக்குள் போய்விடும். கடையில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்ததை அம்மா மூடியின் நிறத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு.

இரவைப் பற்றித்தான் எனக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை. உறக்கத்தில் அட்ரினலின் எழுச்சியே குறைவு, ஆதலால் பலர் விழித்துக்கொள்வதில்லை. நனைந்த தலையணை, கெட்ட கனவு, காலையில் தலைவலி, எழுந்ததும் ஒரு மந்தம் ஆகியவை இரவில் இறங்கியிருக்கலாம் என்பதற்கான தடயங்கள். மாலையில் நெடுந்தூரம் நடந்தாலோ, பள்ளி விளையாட்டு விழாவில் நாள் முழுக்க நின்றாலோ, அதன் பலன் நள்ளிரவு தாண்டியும் வரும். தசைகள் இழந்த சர்க்கரையை அப்போதும் ரத்தத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும். அந்த நாள்களில் படுக்கும் முன் ஒரு சோதனை, இரவு இரண்டரைக்கு மேல் ஒரு சோதனை. சர்க்கரையை விடாமல் அளக்கும், கையில் ஒட்டிக்கொள்ளும் உணரியை (சென்சார்) சில மாதங்கள் வாங்கிப் பயன்படுத்தினோம். தாழ்ந்தால் அது கூவுகிறது, எழுப்புகிறது, நல்ல கருவிதான். ஆனால் அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திரவத்தை. வேகமாக இறங்கும்போது சில நிமிடங்கள் பின்தங்கும். அந்தக் கையின்மேல் ஒருக்களித்துப் படுத்துவிட்டால் இல்லாத தாழ்நிலையைக் காட்டிக் கூவும். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மாதச் சம்பளக்காரர் வீட்டில் அதைத் தொடர்ந்து வாங்குவது எளிதல்ல. இப்போது தேர்வுக் காலத்துக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் மட்டும் வாங்குகிறோம்.

நிச்சயதார்த்தம், கல்யாணம் என்றால் எங்களுக்கு ஒரு விதி உண்டு: இலை போட்டு, சோறு இலையில் விழுந்த பிறகுதான் ஊசி. பந்தி தொடங்கப்போகிறது என்ற அறிவிப்பை நம்பிப் போட்டுவிட்டு, ராகு காலம் கழியட்டும் என்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். வேகமாக வேலை செய்யும் இன்சுலினுக்கு ராகு காலம் தெரியாது. அன்று முதல் பந்தியில் இடம் கேட்டுக்கொண்டிருந்ததும் இதற்காகத்தான்.

தாழ்நிலை வந்துபோன மறுநாளை நாங்கள் தனியாகக் கவனிக்கிறோம். ஹெல்லரும் க்ரையரும் காட்டியது அதைத்தானே: முதல் நாள் இறங்கியவருக்கு மறுநாள் எச்சரிக்கை குறைவாகவே கேட்கும். ஆகவே அன்று காலை, மதியம், மாலை என்று வழக்கத்தைவிடக் கூடுதலாக விரலில் குத்துவோம். அன்று அவர் ஸ்கூட்டர் எடுப்பதில்லை, பேருந்தில்தான் பள்ளிக்குப் போக வேண்டும். ஆசிரியர் அறையில் பக்கத்து மேசையில் இருக்கும் அறிவியல் ஆசிரியைக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுவேன். அந்த ஆசிரியையின் மேசை இழுப்பறையிலும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் உண்டு. என் கணவர் எதற்கெடுத்தாலும் ‘சரி’ சொன்னால் உடனே கொடுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். ஸ்கூட்டர் சாவியைத் தரமாட்டேன் என்பதில் மட்டும் ஒவ்வொரு முறையும் காலை ஏழரை மணிக்கு வாசலில் ஒரு வாக்குவாதம் நடக்கிறது.